கறுப்பு வெள்ளையில் ஒளிந்த வண்ணம்

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை, அப்பால் நெய்யாற்றின்கரை. திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வரும் நம்மவர்களில் பலர் பஸ்ஸில் கண்ணயர்ந்தபடியே கடந்துவிடும் ஊர்கள். இசை அன்பர்களோ இவற்றை இரு பாடகர்களின் பெயரோடு சேர்த்தே அறிவார்கள். ஒருவர், 2004-ல் பத்மஸ்ரீ பெற்று 2008-ல் மறைந்த நெய்யாற்றின்கரை வாசுதேவன். மற்றவர் 1924-ல் பிறந்த பாறசாலை பொன்னம்மாள்.

பொன்னம்மாள் என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு மூதாட்டியின் முகம்தான். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்ற நெடுங்கால வழக்கத்தை 2006-ல் உடைத்தவர் அவர். அப்போது வயது 81. பத்திரிகைகள் வெளியிட்டது அந்த வயது முகத்தை. 2021-ல் அவர் மறைந்தபோதும் அதே முகம். ஆனால், சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவியாக நுழைந்தவரும் அவரே. அந்த இளம்பெண்ணின் முகமல்லவா எண்ணெய் வண்ணத்தில் தீட்டிச் சுவரில் மாட்டத் தக்கது!

அந்நாளைய முகம் வேண்டுமென்றால் பழைய புகைப்படத்தைத்தான் நாட வேண்டும். அதைப் பெரிதாக்குவது கடினமல்ல. படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துச் சிறு கட்டங்கள் போடுவார்கள். கான்வாஸில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் கரியால் கோடு மாற்றி, டர்பன்டைனில் கரைத்த பழுப்பு வண்ணத்தால் நிழல்களைப் பூசுவார்கள். அதன் மேல்தான் ஆளிவிதை எண்ணெய் மிகுந்த வண்ணம். வரிசை மாறினால் நாளடைவில் வெடிப்பு விழும்.

வில்லங்கம் நிறத்தில் இருக்கிறது. அந்நாளைய பிலிம்கள் பல சிவப்பை உணராதவை. நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகும். அரக்குக் கரை கறுப்பாகும். மேனி நிறமும் உள்ளதைவிடக் கறுத்துவிடும். கண்டதை அப்படியே தீட்டினால் முகம் யாருடையதோ ஆகிவிடும்! போதாததற்கு, ஸ்டூடியோக்காரர் நெகடிவில் பென்சிலால் தழும்புகளை மறைத்திருப்பார். தம்பூராவின் தந்திகளோ சிறிய படத்தில் தெரியவே தெரியா. நான்கு தந்தி என்று அறியாதவர் மூன்று வரைந்துவிடுவார். இசை தெரிந்தவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

இந்த வண்ணக் கலையே ஒரு காலத்தில் இங்கே ரகசியம். திருவிதாங்கூர் அரண்மனையில் இருந்த ராமசாமி நாயக்கர் ரவிவர்மாவுக்குக் கற்பிக்க மறுத்தார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாக உதவினார் என்பார்கள். புகைப்படத்தைத் துணைகொண்டு உருவப்படம் தீட்டுவதில் ரவிவர்மாவும் பின்னாளில் தயங்கவில்லை.

ஊரில் உங்கள் வீட்டிலும் தாத்தாவோ அத்தையோ இளவயதில் நாகஸ்வரத்துடனோ வயலினுடனோ நிற்கும் படம் இருக்கலாம். ஓவியரிடம் மூலப்படத்தைத் தராதீர்கள். பிரதி எடுத்துக் கொடுங்கள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது, சேலை என்ன நிறம், மூக்குத்தி எந்தக் கல் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பிரதியின் பின்னால் எழுதி வையுங்கள். அதைச் சொல்ல அவர்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.