புகையான்: இறக்கை சொல்லும் சேதி

சம்பா, தாளடி நெல்லில் நீள இறக்கைப் புகையான் காற்றோடு பறந்து வந்து இறங்கும். அதன் குஞ்சுகளில் பல குட்டை இறக்கையோடு வளர்ந்து, பறக்காமல் அடித்தண்டிலேயே தங்கி அதிக முட்டையிடும். ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தலைமுறை. பயிர் வட்டவட்டமாகக் கருகியதும் நீள இறக்கையுள்ளவை உருவாகி அடுத்த வயலுக்குப் போய்விடும். குட்டை இறக்கை தென்படும்போதே விழித்துக்கொண்டால் பயிர் பிழைக்கும்.

வாரம் ஒருமுறை பயிரை விலக்கி அடித்தண்டைப் பாருங்கள். தூருக்கு 1 பூச்சி இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி வரை பொறுக்கலாம்.

முதலில் தண்ணீரை வடியுங்கள். யூரியாவைப் பிரித்து இடுங்கள். செயற்கை பைரித்ராய்டு மருந்து வேண்டாம். சிலந்தி செத்து, புகையான் பெருகும். எந்த மருந்தானாலும் அடித்தண்டில் படவேண்டும். அடுத்த நடவில் 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுங்கள்.