டேப்பைச் சுற்றினால் கூடும் பத்து கோடி பேர்

சென்னையில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. 2008 முதல் 2020 வரை, 31 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும், 20 வயதைத் தாண்டிய 1,13,043 பேரைப் பரிசோதித்த ஆய்வு அது. இந்தியாவில் உடல் பருமன் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அதில் இரண்டு விடைகள் இருந்தன. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிட்டால் 25.4 கோடி. வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்தால் 35.1 கோடி.

அளக்கப்பட்டவர்கள் அதே ஆட்கள்தான். கருவி மாறியதும் கணக்கில் ஏறக்குறைய பத்து கோடி கூடிவிட்டது. இது ஆய்வின் குளறுபடி இல்லை. பருமன் என்று எதைச் சொல்வது, அதை எங்கே அளப்பது என்பதில் மருத்துவ உலகம் நெடுங்காலமாகப் போராடி வருவதன் விளைவு.

இன்று எல்லா மருத்துவமனைகளிலும் புழங்கும் பிஎம்ஐ, நோயாளிகளுக்காகப் பிறந்ததே அல்ல. கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெட்லே என்ற வானியலாளர் 1830-களில் இந்த உறவைக் கண்டார். மனிதர்களின் சராசரி எப்படி இருக்கிறது என்று தேடியவர் அவர். குண்டானவர்களைக் கண்டுபிடிப்பது அவர் நோக்கமே இல்லை. 1972-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் ஐந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,400 பேரின் அளவுகளை ஒப்பிட்டு, இருக்கிற சூத்திரங்களில் இதுவே பரவாயில்லை என்று தேர்ந்தெடுத்து, பிஎம்ஐ என்று பெயரும் வைத்தார். அந்த 7,400 பேரும் ஆண்கள்.

சூத்திரம் கிடைத்தது சரி, கோட்டை எங்கே கிழிப்பது? 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் பருமன் என்று உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வகுத்தது. அமெரிக்கா 1998-ல்தான் இதற்கு மாறியது. அதுவரை அங்கே அதிக எடைக்கான வரம்பு ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3. வரம்பு 25-க்கு இறங்கியதும், ஒரு கிராம்கூட எடை ஏறாமலேயே இரண்டு கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் அதிக எடைப் பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள்.

இந்த எல்லைகளுக்கு ஆதாரமாக இருந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க மக்களின் நோய், இறப்புக் கணக்குகள். நம் உடம்புக்கு அவை பொருந்துமா? இதற்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஒரு புகைப்படம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் அதில் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. இருவருமே பார்வைக்கு ஒல்லி. ஆனால் உடலை ஸ்கேன் செய்து பார்த்தபோது யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

யாக்னிக் இதன் வேரைக் கருவறை வரைக்கும் தேடிப் போனவர். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்தவை சுமார் 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசையும் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிற்காலத்தில் இந்த உடம்பில் சதை போடும்போது அது வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. கல்லீரலையும் குடலையும் சூழும் அந்தக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி திறந்துவிடுகிறது. இங்கிலாந்தில் 14 லட்சத்துக்கும் அதிகமானோரின் மருத்துவப் பதிவுகளை அலசிய 2021-ம் ஆண்டு ஆய்வு இதை எண்ணாலேயே சொன்னது: வெள்ளையர்களுக்கு பிஎம்ஐ 30-ல் இருக்கும் சர்க்கரை நோய் அபாயம், தெற்காசியர்களுக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது.

அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 2009-ல் ஒருமித்த முடிவாக 23-லிருந்து அதிக எடை, 25-லிருந்து பருமன் என்று வரம்பைக் கீழே இறக்கினார்கள். சீனா 24, 28 என்று வைத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2002-ல் சிங்கப்பூரில் கூடிப் பேசியும் ஆசியா முழுமைக்கும் ஒரே கோடு கிழிக்க முடியவில்லை; பழைய எல்லைகளை அப்படியே விட்டு, 23, 27.5 ஆகியவற்றைக் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சேர்த்தார்கள். பசிபிக் தீவு மக்களிடம் நிலைமை நேர்மாறு. அதே பிஎம்ஐயில் அவர்களுக்குத் தசை அதிகம், கொழுப்பு குறைவு.

ஆகவே செய்தித்தாளில் வரும் சதவீதத்தைப் பார்த்தவுடன், எந்தக் கோட்டை வைத்து எண்ணினார்கள் என்று கேட்டாக வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல். கணக்கெடுப்பு இவர்களை 'அதிக எடை அல்லது பருமன்' என்று சேர்த்தே எழுதுகிறது. இந்திய வரம்பை வைத்தால் இத்தனை பேருமே பருமன்தான். 23-க்கும் 25-க்கும் நடுவே நிற்பவர்கள் இந்த எண்ணில் வருவதே இல்லை. வயதையும் பார்க்க வேண்டும்: இதில் எண்ணப்பட்ட பெண்கள் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்கள். மாதவிடாய் நின்றபின் வயிறு பெருக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் கணக்குக்கு வெளியே. 20 வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் எண்ணும் அமெரிக்கக் கணக்கோடு இதை நேரடியாக ஒப்பிடுவது தவறு.

அளக்கும் வேலையும் லேசுப்பட்டதல்ல. போனில் கேட்டால் மக்கள் உயரத்தைக் கூட்டியும் எடையைக் குறைத்தும் சொல்கிறார்கள். அதனால் கருவியோடு வீட்டுக்குப் போனால்தான் எண் நம்பகமானது. போன இடத்திலும் கவனம் தப்பக் கூடாது. 65 கிலோ எடை, 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெண்ணுக்கு பிஎம்ஐ 25.4. உச்சிக் கொண்டையின் மேலேயே அளவுப் பலகையை இறக்கி 162 என்று எழுதிவிட்டால் 24.8. அவர் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுவார். இடுப்பளவு இன்னும் சிக்கல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின் மேலே டேப்பைச் சுற்றினால் வருவது துணியின் அளவும் சேர்ந்ததுதான். ஜப்பானில் தொப்புள் மட்டத்தில் அளக்கிறார்கள். 2008 முதல் 40 வயதிலிருந்து 74 வரை உள்ளவர்களுக்கான பரிசோதனையில் அங்கே வரம்பு ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90. இந்தியாவில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80.

லான்செட் குழுமம் அமைத்த 58 நிபுணர்களின் ஆணையம், 2025 ஜனவரியில், பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவரைப் பருமன் என்று முடிவு கட்டாதீர்கள் என்று கூறியது. இடுப்பளவு போன்ற இன்னொரு அளவும் வேண்டும். உறுப்புகள் பாதிக்கப்பட்டுவிட்டனவா என்று பார்த்து இரண்டு வகையாகப் பிரிக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. மருத்துவமனைக்கு இது நல்ல வழி. வீடு வீடாகப் போகும் கணக்கெடுப்பாளரால் கல்லீரலைச் சோதிக்க முடியாது. எடை, உயரக் கருவிகளைத் தவிர அவர் கையில் இருக்கக்கூடியது டேப் ஒன்றுதான்.

அந்த டேப்பே எவ்வளவோ சொல்லிவிடும். அதே 2019-21 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பிஎம்ஐ 25-ஐத் தொட்ட பெண்கள் 24 சதவீதம். இடுப்புக்கும் பிட்டத்துக்குமான சுற்றளவு விகிதத்தில் அபாய எல்லையில் இருந்த பெண்கள் 56.7 சதவீதம். கிராமங்களில் 30 வயதைத் தாண்டியவர்களுக்காக ஆஷா எனும் கிராம சுகாதாரப் பணியாளர்கள் நிரப்பும் தொற்றா நோய்ப் படிவம் இந்த விஷயத்தில் சரியான பாதையில் இருக்கிறது. வயது, புகை, மது, உடற்பயிற்சி, குடும்பத்தில் நோய் ஆகியவற்றோடு இடுப்பளவையும் அது கேட்கிறது. பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒரு மதிப்பெண், 90-ஐத் தாண்டினால் இரண்டு. மொத்தம் நான்கைத் தாண்டியவர்களை முதலில் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணில் எடைக்கு இடமே இல்லை.