மூலமும் நோக்கமும்: தமிழுக்கு வந்த எபிரேய வேதம்

யூதர்களின் சமய நூல்களை அவற்றின் மூலமொழியிலேயே பயிலும் வேட்கை, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கிறித்தவ அறிஞரிடையே வலுப்பெற்றது. ஜெர்மானியரான ரொய்க்லின் 1506இல் எபிரேய இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். இப்னு மைமூன் அரபியில் இயற்றிய ‘தலாலத்துல் ஹாயிரீன்’ நூலை, அதன் எபிரேய மொழிபெயர்ப்பின் வழியே இளைய புக்ஸ்டார்ஃப் 1629இல் இலத்தீனாக்கினார். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா முழுவதும் சுரன்ஹூசியஸின் முயற்சியால் 1698 முதல் 1703 வரை இலத்தீனில் வெளிவந்தது.

இம்மரபின் ஒரு கிளை நம் கரையையும் தொட்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் 1702இல் கீழைமொழிக் கல்விக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. 1720இல் எபிரேய வேதம் அங்கே ஆய்ந்து பதிப்பிக்கப்பெற்றது. அந்நகரில் பயின்ற சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடி வந்தார். 1719இல் அவர் மறைந்தபோது பழைய ஏற்பாட்டின் தமிழாக்கம் ரூத் ஆகமம் வரையே நிறைவுற்றிருந்தது; எஞ்சியதைச் சூல்ட்சே முடித்தார். தரங்கம்பாடிக்கு வடக்கே, சிதம்பரத்துக்கும் அப்பாலுள்ள கடலூரில் 1737இல் இவ்வழியினர் ஒரு நிலையம் அமைத்தனர். 1740இல் அங்குப் பொறுப்பேற்ற கிர்நாந்தர், 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைக் கைப்பற்றியபின் கல்கத்தா சென்றார்.

அதே 1740இல் தமிழகம் வந்த பப்ரிசியஸ், முன்னோர் மொழிபெயர்ப்பில் நிறைவு காணாது, எபிரேய மூலத்தோடு ஒப்பிட்டு முழுவதையும் புதிதாக்கினார். அவருடைய பழைய ஏற்பாடு 1777 முதல் பகுதி பகுதியாக அச்சேறியது. அரபியின் ‘இலாஹ்’ என்னும் சொல்லோடு உறவுடைய ‘எலோஹிம்’ என்பதற்கு அவர் ‘பராபரன்’ என எழுதினார். பிற்காலப் பதிப்பு ‘தேவன்’ என்றது. ஒரு சொல்லின் தேர்வே வாசகரின் இறைக் கருத்தை வடிவமைக்கிறது என்பதற்கு இது சான்று.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். யூதர்கள் தம் வேதத்தைத் தோரா, நெவியீம், கெதுவீம் என மூன்றாகப் பகுத்து, நாளாகமத்தில் நிறைவு செய்வர். தமிழில் வந்ததோ மல்கியாவில் முடிகிறது. ‘பழைய ஏற்பாடு’ என்னும் தலைப்பும் யூதர் இட்டதன்று. புதியது ஒன்றை ஏற்றவர் இட்டது. சொற்கள் எபிரேய மூலத்திலிருந்து வந்தன. அடுக்குமுறையும் தலைப்பும் கிறித்தவருடையன. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பு பெரிது. எனினும், யூதர் தம் வேதத்தை எவ்வாறு ஓதி விளங்கினர் என்பது அவ்வுழைப்பின் நோக்கமாக இருக்கவில்லை.

யூதரின் எழுத்தைக் கற்குமாறு ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. ஸைத் அதைச் சில நாள்களிலேயே கற்று, யூதர் எழுதிய மடல்களை நபியவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். எழுதியவர் சொன்னதை எழுதியவர் கருத்திலேயே அறிவது அங்கே தேவையாயிற்று. பிறர் வேதத்தை அணுகும் நமக்கும் அந்த அமானிதம் உண்டு. நம் வேதத்தைப் பிறர் மொழிபெயர்க்கும்போது நாம் எதிர்பார்க்கும் நேர்மையும் அதுவேயன்றோ!