கம்ப்யூட்டர் எழுந்திருக்க மறுக்கிறதா?

இரவு 10 மணி. விடிந்தால் கல்லூரியில் கட்டுரை கொடுக்க வேண்டும். மகன் கம்ப்யூட்டர் பொத்தானை அழுத்துகிறான்.

கறுப்புத் திரை! அதில் புரியாத ஆங்கில எழுத்துகள்!

"என்னடா ஆச்சு?" என்கிறார், அம்மா.

"எல்லாம் போச்சும்மா! நேற்றுதான் அப்டேட் செய்தேன்!"

போகவில்லை. கட்டுரை பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும்.

லினக்ஸ் என்றால் என்ன?

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது "உபுண்டு". அது லினக்ஸ் வகையைச் சேர்ந்தது.

லினக்சைத் தொடங்கியவர், லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர். ஆண்டு 1991. அப்போது அவருக்கு வயது 21. அது எழுதப்பட்ட விதத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

ஒன்றை ஒன்று எழுப்பும்

பொத்தானை அழுத்தியதும், கம்ப்யூட்டர் பலகையில் உள்ள சிறு மென்பொருள் விழிக்கிறது. அது "கிரப்" என்பதை எழுப்புகிறது. கிரப், "கெர்னலை" எழுப்புகிறது. லினக்சின் உயிர் கெர்னல்தான். அது மற்ற வேலையாட்களை எழுப்புகிறது. கடைசியில், ரகசியச் சொல் கேட்கும் திரை வருகிறது.

நடுவில் ஒருவர் தூங்கிவிட்டால், அடுத்தவர் எழமாட்டார். தூங்கியவர் யார்? அதைக் கண்டுபிடிப்பதே வைத்தியம்.

"கிரப் ரெஸ்க்யூ" என்று திரையில் வந்தால், கிரப் தன் கோப்புகளைக் காணாமல் தவிக்கிறது. "இனிட்ராம்எப்எஸ்" என்று வந்தால், கெர்னல் எழுந்துவிட்டது. டிஸ்கைத்தான் திறக்க முடியவில்லை. திரையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறரிடம் காட்ட உதவும்.

பழைய கெர்னல் கைகொடுக்கும்

அப்டேட் செய்த பிறகு வந்த கோளாறா? கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள். உடனே "எஸ்கேப்" விசையைத் தட்டுங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்தால், "ஷிப்ட்" விசையை அழுத்திப் பிடியுங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்ற வரிக்குள் போனால், பழைய கெர்னல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டியலே வரவில்லையா? வேறொரு கம்ப்யூட்டரின் உதவியால் உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து தொடங்குங்கள். "டிரை உபுண்டு" என்பதை அழுத்துங்கள். "இன்ஸ்டால்" பக்கம் போகாதீர்கள்! டிஸ்க் திறந்ததும், வேண்டிய கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுங்கள்.

பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். "ரெக்கவரி மோட்" பட்டியலில், டிஸ்கைச் சரிபார்க்க "எப்.எஸ்.சி.கே.", இடம் நிரம்பி வழிந்தால் "கிளீன்".

டிஸ்க் "டிக், டிக்" என்று சத்தம் போடுகிறதா? எதுவும் செய்யாதீர்கள். அணைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

"எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்று யாராவது சொல்லுவார்கள். அவசரப்படாதீர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் அதில்தானே இருக்கிறது?

மகன் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தான். திரை மலர்ந்தது. கட்டுரை அப்படியே இருந்தது!

"முதலில் அதை இன்னொரு இடத்தில் எடுத்து வை. பிறகு தூங்கு" என்றார், அம்மா.

அதுதான் சரியான வைத்தியம்!