உங்களுக்குத் தெரியுமா? 9999 போட்டாலும் மேலே வராது!

இணையப் பக்கத்தில் ‘ஷோமோடல்’ கட்டளையால் திறக்கும் டயலாக் பெட்டியின் மேல், பக்கத்தின் சாதாரணப் பகுதி எதுவும் ஏற முடியாது. எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இன்டெக்ஸ் எண்ணை 9999 என்ன, 99 கோடி கொடுத்தாலும் நடக்காது!

• பிரவுசர் அந்தப் பெட்டியை மற்ற அடுக்குகளுக்கு மேலே, ‘டாப் லேயர்’ என்ற தனித் தளத்தில் வைத்துவிடுகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னருக்குள் கிடக்கும் அட்டைப்பெட்டியில் எவ்வளவு பெரிய நம்பரை ஒட்டினாலும், மேலே அடுக்கிய கன்டெய்னரைத் தாண்டி அது வராது. கிரேன் தூக்க வேண்டும். ஷோமோடல்தான் அந்தக் கிரேன்.

• பெட்டி திறந்திருக்கும்வரை பின்னாலுள்ள பட்டன், லிங்க் எதுவும் வேலை செய்யாது. எஸ்கேப் விசையைத் தட்டினால் மூடிவிடும். முன்பெல்லாம் இதற்கே தனியாக ஜாவாஸ்கிரிப்ட் எழுதி மல்லுக்கட்ட வேண்டும்!

• இந்த வசதி குரோமில் 2014-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் வந்து சேர 2022 மார்ச் ஆனது.

• பெட்டி கட்டுபவர்கள் கவனிக்க: “வேண்டாம், நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்” என்று குத்திக்காட்டும் பட்டனை வைக்காதீர்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட 13 ‘டார்க் பேட்டர்ன்’ (பயனரை ஏமாற்றும் வடிவமைப்பு உத்தி) பட்டியலில் அதுவும் இருக்கிறது.