புதிய ஆப்பிள் இரகம்: சுவைத்துத் தேர்வு செய்யும் முறை

ஆப்பிள் விதையிலிருந்து முளைக்கும் கன்று எதுவும் தாய்மரத்தை அப்படியே ஒத்திருப்பதில்லை. எனவே புதிய இரகம் காண விரும்பும் ஆராய்ச்சி நிலையங்கள் இரு இரகங்களைக் கலப்புச் செய்து, ஆயிரக்கணக்கான கன்றுகளை வளர்த்து, அவற்றின் பழங்களைச் சுவைத்துத் தேர்வு செய்கின்றன. பெரும்பாலான மரங்கள் வெட்டி நீக்கப்படும். ஆகவே, அவசரத் தீர்ப்பு பெரும் இழப்பாக முடியலாம். அமெரிக்காவில் உருவான 'ஹனிகிரிஸ்ப்' இரகத்தின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

வெட்டப்பட இருந்த மரம்

கடுங்குளிர் நிலவும் மின்னசோட்டா மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் 1960இல் இதற்கான கலப்பு செய்யப்பட்டது. மரம் குளிரால் பாதிக்கப்பட்டதால், 1977இல் அதை நீக்கிவிடலாம் என்று குறிக்கப்பட்டது. 1979இல் பணியில் சேர்ந்த டேவிட் பெட்ஃபோர்டு, அம்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வளர்த்திருந்த இளமரங்களை வெட்டாமல் காய்க்கும் வரை பொறுத்திருந்தார். பழத்தின் மொறுமொறுப்பும் சாறும் அதுவரை கண்டிராத வகையில் இருந்தன. தொடர்ந்து சோதித்து, 1991இல் இரகமாக வெளியிட்டனர். 2006இல் அது மின்னசோட்டாவின் மாநிலப் பழமாயிற்று.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பழம் முதிர்ந்ததா என அறிய வேண்டும். குறுக்கே வெட்டிய பழத்தில் அயோடின் கரைசலைத் தடவினால், மாவுச்சத்து உள்ள பகுதி கருநீலமாகும். பழம் முதிர முதிர இந்நிறம் குறையும். சாற்றின் இனிப்பை ரிஃப்ராக்டோமீட்டரும், சதையின் உறுதியை அழுத்தமானியும் காட்டும்.

எனினும் முடிவான தீர்ப்பு நாக்கினுடையதே. இனிப்பு மட்டும் போதாது. அதற்கேற்ற புளிப்பு இல்லையெனில் சுவை சப்பென்றிருக்கும். கடிக்கும்போது சதையின் செல்கள் உடைந்து சாறு பீறிட வேண்டும். உடையாமல் பிரிந்து போனால் மாவு மாவாகத் தோன்றும். ஹனிகிரிஸ்ப்பின் செல்கள் பெரியவை. அவை எளிதில் உடைந்து சாற்றைத் தருவதே அதன் சிறப்பு. பல பழங்களைச் சோதிப்பவர்கள் மென்று துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்த பின்னரே அடுத்ததைச் சுவைப்பர்.

சுவை மட்டும் போதுமா?

ஹனிகிரிஸ்ப் சாகுபடியாளருக்குத் தொல்லையும் தரும். பழத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தோலில் பழுப்பு நிறக் குழிகள் விழும். இதற்காகக் கால்சியம் குளோரைடு கரைசலைப் பலமுறை தெளிக்கின்றனர். பழங்கள் ஒரே சமயத்தில் பழுக்காததால் இரண்டு, மூன்று முறை பறிக்க வேண்டும். விறைப்பான காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்துவதால், காம்பையும் நறுக்க வேண்டியுள்ளது. பறித்தவுடன் கடுங்குளிரில் வைத்தால் சதை கெடும். ஆகவே சுமார் 10 டிகிரி செல்சியசில் ஒரு வாரம் வைத்த பின்னரே, சுமார் 3 டிகிரிக்குக் குளிரூட்டுகின்றனர்.

இவ்வளவு கூலிக்கும் செலவுக்கும் பின்னரும் பலர் இதைப் பயிரிடுவதற்குக் காரணம், சந்தையில் கிடைக்கும் கூடுதல் விலையே.

விவசாயிகளுக்கு

புதிய பழ இரகம் எதுவாயினும் ஒரு பழத்தைத் தின்று பார்த்துவிட்டுக் கன்று வாங்குவது சரியன்று. பறித்தவுடனும், சில வாரம் இருப்பு வைத்த பின்னும் சுவைத்துப் பார்க்க வேண்டும். நம் பகுதியின் தட்பவெப்பத்திற்கு ஏற்றதா, பூச்சி நோய் தாக்குமா, பறிப்புக் கூலி எவ்வளவு என்றும் விசாரித்தறிய வேண்டும். முதலில் சில மரங்களை மட்டும் நட்டு, இரண்டு மூன்று காய்ப்புகளைக் கண்ட பின்னர் பரப்பை விரிவாக்குவதே நலம்.