பேரிடருக்கு முன்பே எடுத்துவைத்த பணம்: ஹவாயின் சுற்றுலா அவசரநிலைச் சட்டம்

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 'சுற்றுலா அவசரநிலை' என்றே ஒரு சட்டப்பிரிவு உண்டு. போர், பொருளாதார நெருக்கடி, இயற்கைச் சீற்றம், நோய்ப் பரவல் ஆகியவற்றால் சுற்றுலாத் தொழில் முடங்கி மக்களின் பிழைப்பு பாதிக்கப்பட்டால், மாநிலச் சுற்றுலா ஆணையம் ஆளுநரை அணுகும்; ஆளுநர் அவசரநிலையை அறிவிப்பார். பிறகு இதற்கென ஒதுக்கிய நிதியிலிருந்து ஆணையம் செலவிடலாம். தவிக்கும் பயணிகளுக்கு உதவுவதும் அதன் கடமை.

இந்தப் பணத்தைத் தருபவர்களும் பயணிகளே. விடுதி அறை வாடகை மீது 1987 முதல் வசூலாகும் தங்குமிட வரியில் ஒரு பகுதியை ஒதுக்கி, நிதியின் இருப்பை 50 லட்சம் டாலராக வைத்திருக்கும்படி சட்டம் வகுக்கப்பட்டது.

பணத்தை முன்கூட்டியே ஏன் ஒதுக்க வேண்டும்? புதிதாக நிதி ஒதுக்க வேண்டிய ஹவாய் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஜனவரியில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடுகிறது. மாவி தீவின் லஹைனா நகரைக் காட்டுத்தீ விழுங்கியதோ 2023 ஆகஸ்ட் 8 அன்று. நூறு பேருக்கு மேல் மாண்டனர். அவசியமற்ற பயணமாக மாவிக்கு வர வேண்டாம் என்று அரசு கேட்டுக்கொண்டது. பயணிகள் ஆயிரக்கணக்கில் விமானத்தில் வெளியேற்றப்பட்டனர். ஹொனலுலுவின் மாநாட்டு மையம் தற்காலிகத் தங்குமிடமானது. சில வாரங்களிலேயே நிலைமை தலைகீழானது. தீ தொடாத வைலேயா, கிஹெய் பகுதி விடுதிகளும் காலியாகி, ஊழியர்கள் வேலையிழந்தனர். அக்டோபர் 8 முதல் மேற்கு மாவிக்குப் பயணிகள் வரலாம் என ஆளுநர் ஜோஷ் கிரீன் அறிவித்தார். வீடிழந்தவர்கள் இன்னும் விடுதி அறைகளில் இருக்கையில் விருந்தினரை வரவேற்பதா என்று உள்ளூர்வாசிகள் பலர் எதிர்த்தனர். அவர்களின் கேள்வி நியாயமானது. பயணிகளை எப்போது திரும்ப அழைப்பது என்பதற்கு இந்தச் சட்டத்தில் விடை இல்லை.

தொகையும் போதாது. 2019-இல் ஒரு கோடிக்கும் அதிகமானோர் வந்த ஹவாய்க்கு, கொரோனா பரவிய 2020-இல் வந்தவர்கள் சுமார் 27 லட்சம் பேர். அவ்வளவு பெரிய சரிவுக்கு 50 லட்சம் டாலர் ஈடாகாது. முதல் சில வாரங்களைச் சமாளிக்கவும், எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று வெளியுலகுக்குத் தெரிவிக்கவும் மட்டுமே அது உதவும்.

லஹைனாவுக்குப் பிறகு மாநிலத்தின் கவனம் தடுப்புப் பணிகளின் பக்கம் திரும்பியது. 2025-இல் நிறைவேறிய புதிய சட்டம், மாநிலத் தங்குமிட வரியை 2026 ஜனவரி 1 முதல் 10.25 சதவீதத்திலிருந்து 11 சதவீதமாக உயர்த்தியது. கூடுதல் வருவாய் காட்டுத்தீத் தடுப்பு, கடற்கரைப் பாதுகாப்பு போன்ற பணிகளுக்குச் செலவிடப்படும்.